அமெரிக்க அரசு வேலைக்கு வி.ஏ. மருத்துவக் காகிதங்களில் எதைக் கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கக் கூடாது?

கேட்டவர் நம் ஊர்ப் பையன். படிக்க அமெரிக்கா வந்து, தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரையும் படையில் சேர்த்த மேவ்னி திட்டத்தில் தரைப்படையில் சேர்ந்து, குடியுரிமை வாங்கி, பணி முடித்து வெளியே வந்தவர். அந்தத் திட்டம் கேட்ட மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016க்குப் பிறகு புதிதாக ஆள் எடுப்பது நின்றுவிட்டது. முன்னாள் படைவீரர் நலத்துறையான வி.ஏ., படைப்பணியால் வந்த குறைகளுக்காக இவருக்குக் கொடுத்திருக்கும் மொத்த ரேட்டிங் 50 சதவீதம். அதில் பி.டி.எஸ்.டி. என்ற மன அதிர்ச்சி நோய்க்கு 30, முதுகுக்கு 20, காது இரைச்சலுக்கு 10. (மூன்றையும் கூட்டினால் 60 வருகிறதே என்று கேட்காதீர்கள். வி.ஏ. நேராகக் கூட்டாது. முதல் 30 போனபின் மிஞ்சிய 70இல் 20 சதவீதம், பிறகு மிஞ்சியதில் 10 சதவீதம் என்று போய் 49.6 வரும், அதை 50 ஆக்குவார்கள்.)

இவர் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். இன்னும் நேர்காணல்கூட நடக்கவில்லை. அதற்குள் எச்.ஆர். பிரிவிலிருந்து மின்னஞ்சல்: வி.ஏ. கொடுத்த ரேட்டிங் முடிவுக் கடிதத்தை முழுமையாக அனுப்புங்கள், மருத்துவப் பதிவுகளை நாங்கள் பெற்றுக்கொள்ள இந்த ஒப்புதல் படிவத்திலும் கையெழுத்திட்டு அனுப்புங்கள், இரண்டு நாளில் வேண்டும். "கையெழுத்துப் போடலாமா? போடாவிட்டால் வேலை போய்விடுமா?" என்று கேட்கிறார்.

தம்பி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முழுக் கடிதத்தையும் அனுப்பாதீர்கள். அதனால் முன்னாள் படைவீரர் என்ற முறையில் உங்களுக்குக் கிடைக்கும் வேலை முன்னுரிமையில் ஒரு புள்ளிகூடக் குறையாது. ஏன் என்று சொல்கிறேன். நான் இங்கே அரசு எச்.ஆர். வேலையில் பல வருஷம் இருந்தவன். இந்தக் காகிதங்கள் மேசைக்கு மேசை எப்படிப் பயணம் செய்யும் என்று பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த எச்.ஆர். ஊழியருக்கு உண்மையில் என்ன தேவை என்று பார்ப்போம். நீங்கள் பத்துப் புள்ளி முன்னுரிமை கேட்கிறீர்கள். அதற்கு எஸ்.எஃப்.-15 படிவம் நிரப்ப வேண்டும், கூடவே சான்று வேண்டும். சான்று சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: இவருக்குப் படைப்பணியால் வந்த உடல்குறை இருக்கிறது, அதன் அளவு இத்தனை சதவீதம். 30 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் சி.பி.எஸ். என்று மூன்று எழுத்து விழும். போட்டித் தேர்வு இல்லாமலே நேரடியாக எடுக்கும் தனி வழியும் 30 சதவீதக்காரர்களுக்கு உண்டு. எந்த வழியானாலும் சட்டம் பார்ப்பது எண்ணை. அந்த எண் முதுகால் வந்ததா மனசால் வந்ததா என்பது அந்த மேசைக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

இந்த எண்ணை மட்டும் சொல்லும் கடிதம் வி.ஏ. இணையதளத்திலேயே இருக்கிறது. உள்ளே நுழைந்து பலன் கடிதங்கள் பகுதிக்குப் போனால், பலன் சுருக்கமும் பணிச் சான்றும் சேர்ந்த கடிதம் ஒன்று கிடைக்கும். அதில் எது எது அச்சாக வேண்டும் என்று நீங்களே டிக் போடலாம். மொத்த ரேட்டிங்கை வைத்துக்கொள்ளுங்கள், மாதப் பணம் எவ்வளவு என்பதை எடுத்துவிடுங்கள். அரசுப் பணி முன்னுரிமைக்கென்றே தனியாக ஒரு கடிதமும் அங்கே உண்டு. இரண்டிலும் நோயின் பெயர் வராது.

இப்போது அவர்கள் கேட்கும் முடிவுக் கடிதத்தை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். முதல் பக்கம் சாதாரணமாக இருக்கும். உள்ளே போகப் போக ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியாக எவ்வளவு கொடுத்தோம், ஏன் கொடுத்தோம் என்று எழுதியிருக்கும். மனநலக் குறைக்கு 30 சதவீதம் கொடுக்க வி.ஏ. விதியில் உள்ள அடையாளங்கள் என்ன தெரியுமா? மனச்சோர்வு, பதற்றம், சந்தேக குணம், வாரத்துக்கு ஒரு முறையோ அதற்குக் குறைவாகவோ வரும் பீதித் தாக்குதல், தீராத தூக்கக் குறைவு, லேசான ஞாபக மறதி. இவற்றில் உங்களுக்குப் பொருந்தியவை அப்படியே அந்தக் கடிதத்தில் அச்சாகியிருக்கும். டாக்டரிடம் நீங்கள் மனசு விட்டுச் சொன்னதன் சாரம் அது. பண உதவிக்காக ஒரு விதியின் சொற்களில் அடைத்து எழுதியது. கணக்கு வேலைக்கு ஆள் தேடும் ஒரு மேலாளர் "சந்தேக குணம், ஞாபக மறதி" என்று படித்தால் அவர் மனசில் என்ன ஓடும்? நல்ல மனுஷராகவே இருக்கட்டும். படித்ததை மறக்க முடியாது.

ஊகத்தில் சொல்லவில்லை. நான் வேலை பார்த்த இடம் ஒன்றில் இப்படியே நடந்தது. விண்ணப்பதாரர் ஒருவர் கேட்டதற்கு மேலாக முழு முடிவுக் கடிதத்தையும் ஏற்றியிருந்தார். எங்கள் பிரிவில் யாரோ ரெஸ்யூமே, டி.டி.-214 என்ற படை விடுவிப்புச் சான்று, வி.ஏ. கடிதம் எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கித் தேர்வுக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அந்த மேலாளர் என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "இவர் ராத்திரியில் தூங்குவதே இல்லையாமே, காலை ஷிஃப்ட்டுக்குச் சரிப்படுவாரா?" என்று கேட்டார். கையில் அச்செடுத்த தாள், அந்த வரியில் மஞ்சள் மார்க்கர். தாளை வாங்கிக்கொண்டேன், மேலே புகார் எழுதினேன், குழுவை மாற்றினார்கள். ஆனால் அந்த மனிதர் கடைசியில் தேர்வாகவில்லை. அந்தத் தாள்தான் காரணமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது என்பதுதான் என்னை அறுக்கிறது.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆபீஸுக்குப் போகிறோம் என்றால் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா செராக்ஸையும் பையில் போட்டுக்கொண்டு போவோம். ஒரு தாள் குறைந்தால் மறுபடி அலைய வேண்டும் என்ற பயம், அப்பா காலத்திலிருந்து வந்தது. இங்கே அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கேள்விதான். அந்தக் கேள்விக்கான தாளை மட்டும் கொடுங்கள்.

அடுத்து, சட்டம். மத்திய அரசு அலுவலகங்களைக் கட்டுப்படுத்துவது 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 501ஆம் பிரிவு. 1990இல் வந்த ஊனமுற்ற அமெரிக்கர்கள் சட்டத்தின் அளவுகோல்களே இதற்கும் பொருந்தும். அதன்படி, வேலை தருகிறோம் என்று சொல்வதற்கு முன் உங்கள் நோயைப் பற்றிக் கேட்கக் கூடாது, மருத்துவச் சோதனைக்கு அனுப்பக் கூடாது. முன்னுரிமைக்குத் தகுதி உண்டா என்று சரிபார்ப்பது மட்டும் இதில் சேராது, அதற்குத்தான் அந்த எண். ஆஃபர் கொடுத்த பிறகு கேட்கலாம். ஆனால் அதே வகை வேலைக்கு வருகிற எல்லோரிடமும் கேட்டால்தான் உங்களிடமும் கேட்க முடியும். உங்களுக்கு வந்திருப்பதோ நேர்காணலுக்கும் முன்னால் வந்த மின்னஞ்சல். மருத்துவப் பதிவுகளுக்கான ஒப்புதலைக் கேட்க இது நேரமே இல்லை.

ஆஃபருக்குப் பிறகு முறையாக வாங்கிய மருத்துவத் தகவலையும் உங்கள் பணிக்கோப்பில் வைக்கக் கூடாது. தனிக் கோப்பு, தனிப் பூட்டு. உங்கள் மேலாளருக்குச் சொல்லலாம் என்றாலும், இவருக்கு இன்ன வேலைக் கட்டுப்பாடு, இன்ன வசதி வேண்டும் என்ற அளவுக்குத்தான். அவசர முதலுதவி செய்பவர்களுக்குத் தேவையானால் சொல்லலாம், சட்டம் பின்பற்றப்படுகிறதா என்று விசாரிக்கும் அதிகாரிகளுக்குக் காட்டலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தகுதியானவர்கள் பட்டியல் மேலாளர் கைக்குப் போகும்போது, உங்கள் பெயருக்கு அருகில் அந்த சி.பி.எஸ். குறியீடும் போகும். 30 சதவீதமோ அதற்கு மேலோ என்று அவருக்குத் தெரியும், என்ன நோய் என்று தெரியாது. முன்னுரிமை கேட்டால் அந்த அளவு வெளிச்சம் படத்தான் செய்யும். அதுவும் வேண்டாம் என்று முன்னுரிமையையே கேட்காமல் விடுபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நீங்கள் சம்பாதித்த உரிமை அது.

டி.டி.-214இலும் ஒரு கட்டம் உண்டு. 28ஆம் கட்டத்தில் படையிலிருந்து வெளியேறிய காரணம் எழுதியிருக்கும். மருத்துவக் காரணத்தால் வெளியேறியவர்களுக்கு அங்கே உடல்குறை என்று வந்துவிடும். எச்.ஆருக்குத் தேவை 24ஆம் கட்டம், அதாவது கௌரவமான விடுவிப்பா என்பது. இரண்டும் ஒரே பிரதியில் இருப்பதால் இதைத் தவிர்க்க முடியாது. எச்.ஆரைத் தாண்டி யாருக்கும் போக வேண்டியதில்லை என்று கேட்டுக்கொள்ளலாம்.

பலரும் என்னிடம் சொல்வது: "ஹிப்பா சட்டம் இருக்கிறதே அண்ணா, அவர்கள் வெளியே விட முடியாதே?" இது பெரிய தப்பெண்ணம். மருத்துவத் தகவலின் ரகசியம் காக்க 1996இல் வந்த ஹிப்பா கட்டுவது மருத்துவமனையையும் காப்பீட்டு நிறுவனத்தையும்தான். வி.ஏ. மருத்துவமனை அதற்குக் கட்டுப்பட்டது. உங்களை வேலைக்கு எடுக்கும் அலுவலகம் அந்தச் சட்டத்துக்குள் வராது. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் காகிதம் மருத்துவமனை வாசலைத் தாண்டிய நொடியில் ஹிப்பா பின்தங்கிவிடும். அப்புறம் உங்களைக் காப்பது நான் மேலே சொன்ன 501ஆம் பிரிவும், 1974ஆம் ஆண்டு அந்தரங்கச் சட்டமும். அந்தரங்கச் சட்டம் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது என்றுதான் தொடங்கும். ஆனால் விதிவிலக்குகள் இருக்கின்றன. அதே துறைக்குள் வேலைக்காகத் தேவைப்படுகிறவர்கள் பார்க்கலாம் என்பது அதில் ஒன்று, அந்தக் கதவு கொஞ்சம் அகலமானது.

மீறினால் நஷ்டஈடு கிடைக்குமே என்றும் நினைக்க வேண்டாம். கூப்பர் என்ற விமானி உடல்நிலை மோசமான காலத்தில், உதவித்தொகைக்காக சமூகப் பாதுகாப்புத் துறையிடம் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்லியிருந்தார். விமானத் துறையிடம் மறைத்திருந்தார், அது அவர் தவறு. பின்னால் விமானிகள் பற்றிய ஒரு விசாரணையில், சமூகப் பாதுகாப்புத் துறை அந்தத் தகவலைப் போக்குவரத்துத் துறைக்குக் கொடுத்தது. அவர் வழக்குப் போட்டார். 2012இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் சொன்னது: அந்தரங்கச் சட்டத்தின் கீழ் மன உளைச்சலுக்குப் பணம் கிடையாது, பண நஷ்டத்தைக் காட்டினால்தான் உண்டு. ஒருவருடைய நோய் ஊருக்குத் தெரிந்துபோனால் வருகிற காயமே மன உளைச்சல்தானே? அதற்கு இந்தச் சட்டத்தில் மருந்து இல்லை. மறுவாழ்வுச் சட்டத்தின் வழியில் போனால் மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கலாம், அந்த வழி இன்னும் திறந்திருக்கிறது. ஆனால் காகிதம் வெளியே போகாமல் இருப்பதற்கு எதுவும் ஈடாகாது.

அரசு அலுவலகத்தில் காகிதம் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு எல்லை உண்டு. 2006 மே மாதம் வி.ஏ. ஊழியர் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோன கணினியும் ஹார்டு டிஸ்க்கும் திருடு போயின. அதில் சுமார் 2 கோடியே 65 லட்சம் பேரின் விவரங்கள், சிலருடைய ரேட்டிங் உட்பட. அடுத்த மாதமே திரும்பக் கிடைத்தன, ஆனாலும் 2009இல் 2 கோடி டாலருக்கு வழக்கு சமரசமானது. ஓ.பி.எம். எனப்படும் பணியாளர் துறையிலிருந்து பின்னணி விசாரணைக் கோப்புகள் களவு போனது 2015இல் வெளியே தெரிந்தபோது பாதிக்கப்பட்டவர்கள் 2 கோடியே 15 லட்சம் பேர். எதைக் கொடுக்கவில்லையோ அது மட்டுமே திருடு போகாது.

ஒப்புதல் படிவத்துக்கு வருகிறேன். அவர்கள் அனுப்பியிருப்பது வி.ஏ. 10-5345 ஆக இருக்கும் என்று நினைக்கிறேன். மருத்துவப் பதிவை வேறொருவருக்குக் கொடுக்கச் சம்மதம் சொல்லும் படிவம் அதுதான். என்றைக்காவது ஒரு நாள் நீங்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டி வரலாம், அதனால் அதை வாசிக்கும் விதத்தைச் சொல்கிறேன்.

யாருக்கு என்ற இடத்தில் துறையின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, பிரிவும் பதவியும் இருக்கட்டும். என்ன தகவல் என்ற இடத்தில் முழுப் பதிவு என்று முன்கூட்டியே டிக் போட்டு அனுப்பியிருந்தால் அந்தத் தாளைத் திருப்பி அனுப்புங்கள். குறிப்பிட்ட தேதியிலிருந்து குறிப்பிட்ட தேதிவரை, இன்ன குறை பற்றி மட்டும் என்று எழுதலாம். போதைப்பழக்கம், குடிப்பழக்கம், எச்.ஐ.வி., சிக்கிள் செல் ரத்தசோகை என்ற நான்குக்கும் தனிக் கட்டங்கள் இருக்கும். இவை பற்றிய வி.ஏ. பதிவுகளுக்கு அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 38ஆம் தலைப்பில் 7332 என்ற தனிப் பிரிவே காவல். படையிலிருந்து வந்த புதிதில் கொஞ்சம் அதிகமாகக் குடித்தேன் என்று நீங்கள் என்றோ டாக்டரிடம் சொன்னது, அந்த ஒரு டிக்கில் வெளியே வந்துவிடும். முடிவுத் தேதி போடாமல் விடாதீர்கள். கொடுத்த ஒப்புதலை எழுத்து மூலம் திரும்பப் பெறலாம், ஆனால் அதற்குள் போய்விட்டது போனதுதான். கையெழுத்துப் போடாததற்காக வி.ஏ. உங்கள் சிகிச்சையை நிறுத்த முடியாது, அது படிவத்திலேயே எழுதியிருக்கும்.

இன்னொன்று. முழு மருத்துவப் பதிவில் உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை, தாத்தாவுக்கு மாரடைப்பு என்றெல்லாம் இருக்கும். 2008இல் வந்த மரபணுத் தகவல் சட்டப்படி குடும்பத்தாரின் நோய் வரலாற்றை வேலை கொடுப்பவர் கேட்கவே கூடாது. முழுக்கோப்பைக் கொடுத்தால் அதுவும் கூடவே போய்விடும். ஊரில் இருக்கும் அம்மாவிடம் யார் ஒப்புதல் கேட்டார்கள்?

எப்போது மருத்துவக் காகிதம் உண்மையிலேயே கொடுக்க வேண்டும் என்று கேட்டால், சில இடங்கள் உண்டு. உடல்குறை உள்ளவர்களைப் போட்டியில்லாமல் எடுக்கும் ஷெட்யூல் ஏ என்ற வழியில் விண்ணப்பித்தால் டாக்டரோ உதவித்தொகை தரும் அரசுத் துறையோ கொடுத்த ஒரு கடிதம் போதும், அதிலும் நோய்க்கதை தேவையில்லை. உடல்தகுதி விதிகள் உள்ள காவல், தீயணைப்பு மாதிரி வேலைகளில் ஆஃபருக்குப் பின் சோதனை இருக்கும். அங்கே 30 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள படைவீரரை உடல்நிலை காரணமாக ஒதுக்க அந்த அலுவலகம் தானாக முடிவெடுக்க முடியாது. உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், பதில் சொல்ல 15 நாள் தர வேண்டும், முடிவு ஓ.பி.எம். கையில்.

வேலையில் சேர்ந்தபின் முதுகுக்கு உயரம் மாற்றும் மேசையோ, காது இரைச்சலுக்கு அமைதியான இடமோ கேட்டால், குறை வெளியே தெரியாதபட்சத்தில் அவர்கள் சான்று கேட்கலாம். கேட்கும் வசதிக்குப் போதுமான அளவு மட்டும்தான், முழுப் பதிவைக் கேட்க முடியாது. மேசை கேட்பது முதுகுக்காக. பி.டி.எஸ்.டி. பற்றி ஒரு வார்த்தை அதில் வர வேண்டாம். இதற்கென்று இருக்கும் ஒருங்கிணைப்பாளரிடம் கொடுங்கள், மேலாளரிடம் கொடுக்காதீர்கள்.

மதிய சாப்பாட்டில் சகஜமாகப் பேசும்போதும் யோசித்துப் பேசுங்கள். அவர்கள் கேட்காமல் நீங்களாகச் சொன்னதற்கு இந்த ரகசியப் பாதுகாப்பு பொருந்தாது என்று சில மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன.

அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி (செக்யூரிட்டி கிளியரன்ஸ்) தேவைப்படும் வேலை என்றால் மட்டும் கதை வேறு. அதற்காக நிரப்பும் எஸ்.எஃப்.-86 படிவத்தின் 21ஆம் கேள்வி மனநலம் பற்றியது. 2016இல் அதைத் திருத்திய பிறகு, ஆலோசனைக்குப் போனீர்களா என்று பொதுவாகக் கேட்பதில்லை. நீதிமன்ற ஆணை, மருத்துவமனையில் சேர்ந்தது, குறிப்பிட்ட சில நோய்கள், முடிவெடுக்கும் திறனைப் பெரிதாகப் பாதிக்கும் நிலை என்று குறுக்கிவிட்டார்கள். அங்கே கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் படிவத்தில் பொய் சொல்வது குற்றம். அது விசாரணை செய்பவர்களுக்கு உரியது, உங்கள் மேலாளருக்கு அல்ல.

நீங்கள் விண்ணப்பித்திருப்பது வி.ஏ.வுக்கே என்றால் இன்னும் கவனம் வேண்டும். நோயாளியாக உங்கள் பதிவு இருக்கும் அதே கணினியில்தான் நாளைய சகாக்களும் வேலை செய்வார்கள். அங்கே ஊழியர்களின் பதிவுகளுக்கு எச்சரிக்கைக் குறி போடும் வசதி இருக்கிறது, யார் திறந்தார்கள் என்பது பதிவாகும். மருத்துவமனையின் அந்தரங்க அதிகாரியிடம் உங்கள் பதிவை யார் யார் பார்த்தார்கள் என்ற அறிக்கையைக் கேட்டு வாங்கலாம். சேர்ந்த முதல் வாரத்திலேயே குறி போடச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அறிக்கையைக் கேளுங்கள். சிகிச்சையில் சம்பந்தமில்லாத பெயர் இருந்தால் சும்மா விடாதீர்கள்.

ஏற்கனவே முழுக் கடிதத்தையும் அனுப்பிவிட்டவர்கள் இதைப் படிக்கலாம். பதற வேண்டாம். எச்.ஆருக்கு எழுதி, அந்தக் கோப்பை நீக்கி இந்தச் சுருக்கக் கடிதத்தை வைத்துக்கொள்ளுங்கள், தேர்வுக் குழுவுக்குப் போயிருந்தால் தெரிவியுங்கள் என்று கேளுங்கள். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் யூ.எஸ்.ஏ.ஜாப்ஸ் தளக் கணக்கில் சேமித்து வைத்த பழைய கடிதத்தையும் அழித்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த விண்ணப்பத்திலும் பழக்கதோஷத்தில் அதையே இணைத்துவிடுவீர்கள். உங்கள் தகவல் கசிந்தது என்று தெரிந்தால், நடந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் அந்தத் துறையின் சமவாய்ப்பு ஆலோசகரைத் தொடர்புகொள்ள வேண்டும். இந்தக் கெடு கறாரானது.

தம்பி, இன்றைக்கு நீங்கள் அனுப்ப வேண்டிய பதில் இவ்வளவுதான், உங்கள் வார்த்தையில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: "என் எஸ்.எஃப்.-15 படிவத்தையும், மொத்த ரேட்டிங்கைக் காட்டும் வி.ஏ. கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். முன்னுரிமையைச் சரிபார்க்க இவை போதும் என்று நம்புகிறேன். மருத்துவப் பதிவுகள் தேவை என்றால் எந்த விதியின் கீழ், எதற்காக, யார் பார்ப்பார்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும்." கோபமில்லாமல் எழுதுங்கள். பெரும்பாலும் அந்த ஊழியர் பழைய மாதிரி மின்னஞ்சலை அப்படியே எடுத்து அனுப்பியிருப்பார், சுருக்கக் கடிதம் கிடைத்ததும் விஷயம் முடிந்துவிடும். கெடு இரண்டு நாள் என்றார்களே, கடிதத்தைப் பதிவிறக்கப் பத்து நிமிஷம்கூட ஆகாது. தூங்கப் போகுமுன் அனுப்பிவிடுங்கள். மறுபடி ஏதாவது கேட்டால் அந்த மின்னஞ்சலை எனக்குக் காட்டுங்கள்.